போர்த்தாமல் விட்ட மரம்

லின்வல் சொட்டச் சொட்ட என் கடை வாசலில் வந்து நின்றபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. மதியச் சோற்றுக்கு இன்னும் பால் பிழியவில்லை.

"உள்ள வா. வாசல்ல ஏன் நிக்கிற?"

"வேணாம். தரை நனையும்."

"என் கடைத் தரை என்னிக்குக் காஞ்சிருக்கு? வாப்பா."

அவன் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தேவாலயத்துக்குள் நுழையும்போது மட்டும்தான் அவன் அப்படிச் செய்வான். எங்கள் கடலோர ஊரான கேம்பல் முனையில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். நாற்பத்தாறு வருடமாக அவன் முகத்தைப் பார்க்கிறேன். அந்த முகம் எனக்குத் தெரியாததாக இருந்தது.

"மார்வா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

விடியற்காலை வலை இழுக்கப் போயிருக்கிறான். திரும்பும்போது திடீரென்று காற்று. பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் நின்றுவிட்டது. படகு பாறையில் மோதாமல் இருக்க நங்கூரத்தைப் போட்டிருக்கிறான். நங்கூரம் மணலை உழுதுகொண்டு போய் எதிலோ சிக்கியது. காற்று அடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை விடுவிக்க இறங்கினான்.

"செங்கல் கப்பல் மேல போய் விழுந்திருக்கு. அடிக்கட்டை உடைஞ்சிருச்சு. தண்ணி கலங்கிக் கெடக்கு, கண்ணு தெரியல, கையாலதான் தடவிப் பாத்தேன். தொட்டா மாவா வருது மார்வா. நாம அடுக்கின மூட்டையெல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கிக் கெடக்கு. அவ்வளவு தூரம் இழுத்திருக்கு என் நங்கூரம்."

நான் துருவுவதை நிறுத்தவில்லை. ஓடு தெரியும்வரை துருவினேன். பழுப்புத் தூள் வெள்ளையில் கலந்தது.

மூட்டைகள் ஓரமாகக் கிடந்ததற்குக் காரணம் நங்கூரம் அல்ல. நான் அவற்றை வைத்த இடத்திலேயே அவை இருந்தன.

அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் ஒரு மணி நேரம்கூட அந்தப் பாரத்தைச் சுமந்திருக்க மாட்டான். நான் சொன்னது இதுதான்: "முதல்ல போய்த் துணி மாத்து. சளி பிடிச்சுக்கும்."

*

செங்கல் கப்பல் எங்கள் ஊருக்கு எதிரே, கரையிலிருந்து படகில் பத்து நிமிடத் தொலைவில், ஆறேழு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மஞ்சள் செங்கற்கள் குவியலாக இருக்கும். அவற்றின் மேல் பவளம் வளர்ந்திருக்கும். என் சிறு வயதில் அதைக் கொள்ளைக்காரர்களின் கப்பல் என்பார்கள். பிறகு கடல் கடந்து வந்த ஆய்வாளர்கள் செங்கல்லை அளந்து பார்த்தார்கள். வடக்கே ஒரு நாட்டில் மட்டும் சுட்ட செங்கல், முந்நூறு வருடத்துக்கு முந்தையது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த கப்பலாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். அந்தச் சொல்லுக்கு மேல் அவர்கள் போகவில்லை.

லின்வலின் குடும்பத்துக்கு அந்தச் சொல் போதவில்லை. தங்கள் ஆட்கள் அந்தக் கப்பலிலிருந்து நீந்திக் கரையேறியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருபவர்கள் அவர்கள். ஊரில் யாரும் நம்புவதில்லை. "உங்க தாத்தாவும் எங்க தாத்தா மாதிரி ஜமைக்காவுல இருந்து தண்டவாளம் போட வந்த ஆளுதாண்டா. நீந்தி வந்தாராம், மீனுக்குப் பொறந்தவரு" என்று டோமினோ ஆடும்போது சீண்டுவார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் நாங்கள் முக்குளிப்புக் குழு தொடங்கியபோது முதலில் பெயர் கொடுத்தவன் அவன்தான். இரண்டாவது நான். கப்பலின் படத்தை வரைவதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை. சிலிண்டருக்குக் காற்று நிரப்புவது மலைப்பக்கத்து பிரிப்ரி பழங்குடி ஆளான எலியாஸ்.

போன வருடம் செப்டம்பரில் கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டையைக் கண்டுபிடித்தவன் லின்வல். செங்கற்களுக்கு அடியில் மணலைக் கையால் விசிறிக்கொண்டிருந்தவன் என் காலைப் பிடித்து இழுத்தான். மணலுக்குள் கறுப்பாக, இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு கட்டை. நேற்று வெட்டியதுபோல் உளிச்சுவடு. அவன் வாயிலிருந்து மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர் விழுந்துவிடுமோ என்று பயந்தேன், அப்படிச் சிரித்தான்.

படத்தை அனுப்பியதும் பிர்கிட்டிடமிருந்து பதில் வந்தது. செங்கல்லை அளந்த குழுவில் இருந்தவள். ஒரு துண்டு அறுத்தால் போதும், மரத்தின் வளையங்களை எண்ணி எந்தக் காட்டில், எந்த வருடம் வெட்டியது என்று சொல்லிவிடலாம், அந்த வருடம் அந்தத் துறைமுகத்தில் கட்டிய கப்பல்களின் பெயர்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தாள். ஆனால் அறுப்பதற்கு அனுமதி வேண்டும், அடுத்த செப்டம்பரில் வாங்கிக்கொண்டு வருகிறேன், அதுவரை தயவுசெய்து மூடி வையுங்கள். "மூடி" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அவள் சொல்ல வேண்டியதே இல்லை. எங்கள் கடல் செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் தெளிந்திருக்கும். அக்டோபர் முடியும்போது கடைசி முக்குளிப்பு. அதைப் போர்வை நாள் என்போம். திறந்த இடத்தையெல்லாம் தடித்த துணியால் மூடி, மேலே மணல் மூட்டை அடுக்கி, அதன் மேல் மணலைத் தள்ளிவிட்டு வருவோம். மணலுக்குள் மரம் எத்தனை நூறு வருடம் வேண்டுமானாலும் இருக்கும். வெளியே விட்டால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு சும்மா விடாது. போர்வை போட்டுவிட்டு மேலே வந்ததும் கடற்கரையில் பெரிய சட்டியில் மீனும் கிழங்கும் தேங்காய்ப் பாலில் கொதிக்கும். கடைசியாக ஏறி வந்தவருக்கு மீன் தலை.

போன வருடம் போர்வை போடும் முறை எனக்கும் லின்வலுக்கும். இறங்கிய ஐந்தாவது நிமிடமே அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. வலி தாங்காமல் மேலே போகச் சைகை காட்டினான். ஒருவர் ஏறினால் இருவரும் ஏற வேண்டும் என்பது விதி. நீ போ, ஆழம் குறைவுதானே, நான் முடித்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அவன் போனான்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கப்பலோடு நான் தனியாக இருந்தேன். அடுத்து நடந்ததைச் சோம்பல் என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும். அது சோம்பல் இல்லை. மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டைக்குப் பக்கத்தில் படுத்தேன். கையுறையைக் கழற்றினேன். தொடக்கூடாது என்று ஊரிலுள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். உளி போன பாதையில் விரலை வைத்தேன். பிறகு கட்டை எதுவரை போகிறது என்று பார்க்க இன்னும் கொஞ்சம் மணலை விசிறினேன். இன்னும் கொஞ்சம். பகல் முழுக்க என்னிடம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: சோறு, சில்லறை, சாவி, பதிவேடு. இது எதையும் கேட்கவில்லை. அந்த நாற்பது நிமிடம் அது என்னுடையதாக இருந்தது. லின்வல் கண்டுபிடித்தது, அவன் தன் ரத்தம் என்று நம்பியது, எனக்கு மட்டும் என்று ஆனது. அந்த ஆசை எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

அழுத்தமானியைப் பார்த்தபோது முள் சிவப்பில் நின்றது, சிலிண்டரில் காற்று தீரும் நேரம். மூட்டைகள் ஓரத்தில் அடுக்கியபடியே இருந்தன. நாளை வந்து மூடிக்கொள்ளலாம் என்று மேலே வந்தேன்.

படகில் லின்வல் காதில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு."

நாளைக்குத்தான் மூடப்போகிறேனே, இன்று ஏன் விளக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை. பதிவேட்டில் எழுதினேன்: மார்வா, லின்வல். அடிக்கட்டை மூடப்பட்டது. கரையில் எனக்கு மீன் தலையைக் கொடுத்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்புவரை உறிஞ்சித் தின்றேன்.

மறுநாள் காற்று திரும்பியது. ஒரு வாரம் அலை. பிறகு மழை, ஆற்றுத் தண்ணீர் கடலைப் பழுப்பாக்கியது. அலையே மணலைத் தள்ளி மூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்ச்சில் ஒரு வாரம் கடல் அடங்கிக் கிடந்தது. இறங்குவதென்றால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் தனியாகத் துடுப்புப் படகில் போய் மேலிருந்து முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். பால் கலந்ததுபோல் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. தெரியாததில் எனக்கு எவ்வளவு நிம்மதி.

*

ஜூனுக்குப் பிறகு லின்வல் கடலுக்குப் போகவில்லை. படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்தான். விடுதிகளில் புல் வெட்டப் போனான். அவனாகவே எலியாஸிடம் சொன்னான், கப்பல் கிடக்கும் கடல் பூங்காவின் அலுவலகத்தில் சொன்னான், பிர்கிட்டுக்கு எழுதச் சொன்னான். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் படகு அன்று அங்கே போனதை யாரும் பார்க்கவில்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. டோமினோ மேசையில் அவனைச் சீண்டுவதை நிறுத்தினார்கள், அதுதான் மோசம். அவன் வந்தால் பேச்சு வானிலைக்கு மாறும்.

வெள்ளிக்கிழமைதோறும் என் கடைக்கு வந்து காரமான கறி அடைத்துச் சுட்ட பத்தி இரண்டு வாங்குவான். ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் மனைவி க்ளாடெட்டுக்கு. நான் மூன்று வைத்துக் கட்டுவேன்.

"ஏன் ஒண்ணு கூட வைக்கிற?"

"உடைஞ்சது. விக்க முடியாது."

"உன் கைக்கு என்ன ஆச்சு? வாராவாரம் ஒண்ணு உடையுது."

"வயசாவுதுல்ல."

அவன் தலையைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிள்ளி வைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான். "ராத்திரியில அந்த மரத்தோட சத்தம் கேக்குது மார்வா. தண்ணிக்குள்ள சத்தமே வரலையே, எனக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" என்றான். நான் கல்லாவைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒரு வாரம் கூடக் கூட, சொல்ல வேண்டியது ஒன்றாக இல்லாமல் இரண்டாகிக்கொண்டிருந்தது. மூடவில்லை என்பது ஒன்று. இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லும் தைரியம் எப்போதோ வந்துவிட்டது. இரண்டாவது அதைவிட வேகமாக வளர்ந்துகொண்டே போனது.

செப்டம்பரில் பிர்கிட் அனுமதிக் கடிதத்தோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மன்றத்தில் ஊர்க்கூட்டம் என்று எலியாஸ் அறிவித்தான். லின்வல்தான் கேட்டிருக்கிறான். ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

சனிக்கிழமை காலை பிர்கிட் என்னையும் அழைத்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அப்படித் தெளிவாக இருந்திருக்க வேண்டாம். கட்டை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதில் அங்கங்கே பழைய தேன்கூடு போன்ற துண்டுகள். நங்கூரம் விழுந்த இடம் நடுவில் ஒரு முழம் மட்டும்தான்; மற்றது தானாகவே உதிர்ந்திருந்தது. பிர்கிட் ஒரு துண்டை உள்ளங்கையில் எடுத்தாள். துளைகளுக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் குழாய்கள். மூட்டைகள் ஓரத்தில், நான் அடுக்கிய வரிசை கலையாமல், பாசி படிந்து இருந்தன.

அவள் எழுதுபலகையில் எழுதிக் காட்டினாள்: எவ்வளவு நாள் திறந்து கிடந்தது?

நான் பென்சிலை வாங்கினேன். நங்கூரம், என்று எழுதினேன். அவள் என் கண்ணாடிக்குள் பார்த்தாள். இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

படகில் ஏறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் மெதுவான ஸ்பானிஷில் சொன்னாள். "நங்கூரம் இதைச் செய்யவில்லை, மார்வா. இது புழுவின் வேலை. ஆறு மாதம், எட்டு மாதம். நங்கூரம் விழும்போது இங்கே மரமே இல்லை."

"ஏதாவது மிச்சம் இருக்கா? எண்ணுற அளவுக்கு?"

"ஐம்பது வளையமாவது வேண்டும். பெரிய துண்டிலேயே ஏழோ எட்டோதான்." வருத்தப்பட்டாளே தவிர அதிர்ச்சியாகவில்லை. இப்படி எத்தனையோ பார்த்திருப்பாள். "போன வருடம் யார் மூடியது?"

சுக்கான் பிடித்திருந்த எலியாஸ் திரும்பாமலே பதில் சொன்னான். "பதிவேட்டுல மிஸ் மார்வாவும் லின்வலும். ஆனா மிஸ் மார்வா தன் வீட்டுக் கோழிக்கூண்டையே மூணு தடவை பூட்டிப் பாக்கிற ஆளு. அன்னிக்கு லின்வலுக்குக் காது வலி. அவன் பக்கத்து மூட்டையை ஒழுங்கா வெச்சிருக்க மாட்டான்." பெருமூச்சு விட்டான். "பாவம், அவனுக்கு ஒண்ணு மேல ஒண்ணு."

அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. அவன் தலையில் அதுவும் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். இதை நான் யோசித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். படகு கரை சேரும்வரை யோசித்தேன்.

*

அன்று சாயங்காலம் லின்வல் வீட்டுக்குப் போனேன். க்ளாடெட் பாட்டுப் பயிற்சிக்குத் தேவாலயம் போயிருந்தாள். அவன் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தோடு குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நல்ல நேரத்துல வந்த. நீதான் அழகா எழுதுவ. இதக் கொஞ்சம் பாத்துக் குடு. க்ளாடெட் படிச்சா அழுவா, அதான் அவகிட்டக் காட்டல."

வாங்கிப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து. "என் பெயர் லின்வல் ஃபிரேசர். நம் முன்னோர் வந்த கப்பலை நான் உடைத்தேன். நங்கூரம் போடக்கூடாத இடம் என்று தெரிந்தும் போட்டேன். அந்த மரம் பேசியிருக்கும். நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். உங்கள் எல்லோரிடமும், கடலில் இறந்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

"எழுத்துப் பிழை இருக்கா?"

"லின்வல், நான் மூடல."

"என்னத்த?"

"கட்டையை. போன வருஷம் போர்வை நாள்ல. நீ மேல போனப்புறம் நான் மூடல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். காத்து தீந்துபோச்சு. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். புழு தின்னுருச்சு. பிர்கிட் இன்னிக்குப் பாத்தா. உன் நங்கூரம் விழறப்போ அது ஏற்கெனவே செத்துப்போன மரம்."

வெளியே யாரோ சைக்கிளில் போகும்போது வீட்டைப் பார்த்துக் கை அசைத்தார்கள். அவனும் பழக்கத்தில் கையைத் தூக்கினான்.

"நான் கேட்டேன்ல உன்ன. படகுல. மூடியாச்சானு."

"கேட்ட."

"நீ தலைய ஆட்டுன."

"ஆட்டல. வாயால சொன்னேன். மூடியாச்சுனு சொன்னேன்."

"ஆமா. சொன்ன." நாற்காலியில் சாய்ந்தான். "அப்ப மூட்டை ஒதுங்கிக் கெடந்தது..."

"நான் வெச்ச எடம்."

"நான் வந்து சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவன் மேசை மேலிருந்த பேனாவை என் பக்கமாக உருட்டினான்.

"இதுல எது பொய்யோ அத அடிச்சுக் குடு."

"லின்வல்..."

"அடி. நீதானே குழுவுக்குக் கணக்கப்பிள்ளை."

நான் அடித்தேன். கப்பலை உடைத்தேன் என்ற வரி போனது. வாயை அடைத்துவிட்டேன் என்ற வரி போனது. ஒவ்வொரு வரி போகும்போதும் அவன் தலை கொஞ்சம் நிமிரும் என்று எதிர்பார்த்தேன். நிமிரவில்லை. கடைசியில் அவன் பெயரும், நங்கூரத்தைப் பற்றிய வரியும் மிஞ்சின.

"நங்கூரம் நான் போட்டதுதான். அது நெஜம். அத நான் படிச்சுக்கறேன். அடிச்சதையெல்லாம் நீ படி." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "இப்பப் போ. க்ளாடெட் வர்ற நேரம். அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஊரோட சேந்து அவளும் உன் வாயால கேக்கட்டும்."

வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவனைப் போலக் கேட்டான். "அழகா இருந்துச்சா? தனியா பாக்கிறப்போ?"

"இருந்துச்சு," என்றேன்.

*

மன்றத்தில் ஒரே ஒரு மின்விசிறி. தேவாலயத்திலிருந்து நேராக வந்ததால் எல்லோரும் நல்ல உடையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். பிர்கிட் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். க்ளாடெட் முதல் வரிசையில், பாடகர் குழுவின் வெள்ளை உடையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. கணவன் விழுந்தால் தாங்குவதற்குத் தயாராக வந்தவளைப் போல் இருந்தாள்.

லின்வல் எழுந்து காகிதத்தைப் பிரித்தான். "என் பெயர் லின்வல் ஃபிரேசர். நங்கூரம் போடக்கூடாத இடம் என்று தெரிந்தும் போட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்." மடித்தான். உட்கார்ந்தான்.

"அவ்வளவுதானா?" பின்வரிசையில் ஒரு குரல். "இதுக்கா அடுப்புல சோத்த வெச்சுட்டு ஓடியாந்தேன்?" சிலர் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அவனை வைத்து அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மீதிய மார்வா சொல்லுவா," என்றான் லின்வல்.

எழுந்தேன். எழுதி வரவில்லை. எழுதியிருந்தால் அழகாக எழுதியிருப்பேன். இறங்கியது, அவனை மேலே அனுப்பியது, படுத்துக்கொண்டு பார்த்தது, மூடாமல் வந்தது, பதிவேட்டில் எழுதியது, மார்ச்சில் துடுப்புப் படகில் போனது, ஜூனில் தேங்காய் துருவியது என்று நடந்த வரிசையில் சொன்னேன். நேற்று தண்ணீருக்கு அடியில் பலகையில் எழுதியதையும் சொன்னேன். பிர்கிட் தலையைக் குனிந்துகொண்டாள்.

எலியாஸின் முகத்தை மட்டும் பார்த்தேன். கோழிக்கூண்டைப் பற்றிச் சொன்னவன். "மிஸ் மார்வா," என்றான். பிறகு, "அப்ப அந்தக் கப்பல் எதுனு இனிமே தெரியாது?" என்று பிர்கிட்டைக் கேட்டான்.

"இந்த மரத்திலிருந்து தெரியாது," என்றாள் அவள். "இன்னொன்று கிடைத்தால் பார்க்கலாம். கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்."

யாராவது கத்துவார்கள், குழுவை விட்டுப் போ என்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, லின்வலைப் பார்த்தார்கள். எப்படி அவனிடம் பேச்சைத் தொடங்குவது என்று ஒவ்வொருவராக யோசிப்பது தெரிந்தது. பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் அவன் தோளில் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

க்ளாடெட் எழுந்தாள். என்னைவிடக் குள்ளமானவள், நிமிர்ந்துதான் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மார்வா. ஜூன்லேருந்து இதுவரைக்கும் எங்க வீட்டுக்காரர் எத்தனை வெள்ளிக்கிழமை உன் கடைக்கு வந்தார்?"

அவளுக்கே தெரியும். பொட்டலத்தைப் பிரித்தது அவள்தானே. ஒவ்வொரு வாரமும் மூன்றாவது பத்தி எதற்கு என்று அவனைக் கேட்டிருப்பாள். மார்வாவுக்கு நல்ல மனசு என்று அவன் சொல்லியிருப்பான்.

எனக்கும் தெரியும். ஒன்றையும் நான் மறந்திருக்கவில்லை.

"பதினாலு," என்றேன்.

அவள் தலையாட்டினாள், தன் கணக்கும் அதுவேதான் என்பதுபோல. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவனின் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் வெளியே போனார்கள். அவர்கள் பின்னால் கூட்டமும் எழுந்தது. நாற்காலிகள் தரையில் இழுபட்டன. வாசலுக்கு வெளியே யாரோ லின்வலிடம், படகை எப்போது நிமிர்த்தப்போகிறாய், நான் வந்து ஒரு கை பிடிக்கிறேன் என்று சொன்னார்கள். அவன் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. நான் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.